காலிப்பர் போல்ட் துருப்பிடித்து இறுகாமல் இருக்க: எந்த இடத்தில் எதைப் பூசுவது

பிரேக் பேட் மாற்றுவது ஒரு சக்கரத்துக்கு அரை மணி நேர வேலை. அது அரை நாள் இழுத்தால் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான், பேடுகளை டிஸ்க்கோடு அழுத்தும் காலிப்பரைப் பிடித்திருக்கும் போல்ட் அசையவே இல்லை. ஸ்பேனர் போட்டு இழுத்தால் தலை ரவுண்ட் ஆகிவிடும், பைப் மாட்டி இழுத்தால் கழுத்தோடு முறிந்துவிடும், உள்ளே தங்கிய துண்டை எடுக்க டிரில், எக்ஸ்ட்ராக்டர், வெல்டிங் என்று வேலை நீண்டுகொண்டே போகும். இறுகிப்போனதைக் கழற்றுவதற்கு ஆளாளுக்கு ஒரு வழி சொல்வார்கள். இறுகாமலே பார்த்துக்கொள்வது எப்படி என்பதுதான் இங்கே விஷயம். அதற்கான வேலை முழுவதும் போல்ட்டைத் திரும்ப மாட்டுகிற அந்தப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் அடங்கிவிடும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "கொஞ்சம் கிரீஸ் தடவி மாட்டு" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிற யோசனை பிரேக்குக்கு ஆகாது. காலிப்பரைச் சுற்றி போல்ட்டின் மரை (திரெட்) இருக்கிறது, வழுக்கி நகரும் பின் இருக்கிறது, ரப்பர் இருக்கிறது, பேட்டின் காது (இரு முனையிலும் நீட்டியிருக்கும் பகுதி) உட்காரும் இடம் இருக்கிறது, வெளியே தெரியும் போல்ட் தலை இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு பொருள், ஒன்றிரண்டு இடங்களில் எதுவுமே போடக்கூடாது. கையில் இருக்கிற ஒரே டப்பாவை எல்லா இடத்திலும் தடவினால் ஒரு பக்கம் துரு நிற்கும், இன்னொரு பக்கம் ரப்பர் ஊதிப்போகும்.

எந்த போல்ட் எது

பெரும்பாலான கார்களில் இருப்பது ஃப்ளோட்டிங் காலிப்பர். பிஸ்டன் ஒரு பக்கம் மட்டும் இருக்கும், காலிப்பர் முழுவதும் இரண்டு பின்களின் மேல் வழுக்கி நகர்ந்து மறுபக்கப் பேடையும் டிஸ்க்கோடு அழுத்தும். இதில் இரண்டு வகை போல்ட் உண்டு. பிராக்கெட்டை (காலிப்பரைத் தாங்கும் சட்டம்) நக்கிளோடு (சக்கரம் பொருந்தியிருக்கும் பாகம்) பிடிக்கும் பெரிய போல்ட் ஒரு வகை, வழக்கமாக எம்12 அல்லது எம்14 (12, 14 மில்லிமீட்டர் தடிமன்), தலைக்கு 17, 19, 21 என்று சாக்கெட் தேவைப்படும், டார்க் (முறுக்கும் விசை) பல கார்களில் 80 முதல் 130 நியூட்டன் மீட்டர் வரை இருக்கும். காலிப்பரை ஸ்லைடு பின்னோடு பிடிக்கும் சின்ன போல்ட் இன்னொரு வகை, எம்8 அளவில் இருக்கும், டார்க் 25 முதல் 35 நியூட்டன் மீட்டர்தான். சில வண்டிகளில் பின்னும் போல்ட்டும் ஒரே துண்டு, அதைக் கழற்ற 7 மில்லிமீட்டர் ஆலன் கீ கேட்கும். இந்த எண்கள் எல்லாம் ஒரு அளவு புரிவதற்காகத்தான், முறுக்கும்போது உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும் எண்தான் கணக்கு.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. பெரிய போல்ட் மரைக்குள் துருப்பிடித்து இறுகும். சின்ன போல்ட் மரையில் அவ்வளவாக இறுகாது, அது பிடித்திருக்கும் பின்தான் பிராக்கெட் துளைக்குள் இறுகிப்போகும். இரண்டையுமே "காலிப்பர் போல்ட் சீஸ் ஆயிடுச்சு" என்றுதான் சொல்கிறோம், ஆனால் நோயும் வேறு, மருந்தும் வேறு.

ஏன் இறுகுகிறது

இரும்பு துருவாக மாறும்போது முன்பு பிடித்த இடத்தைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். திறந்த வெளியில் அது உதிர்ந்துவிடும். மரைக்குள் உதிர இடம் இல்லை, அதனால் போல்ட்டுக்கும் துளைக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய இடைவெளியை நிரப்பி, நிரம்பிய பிறகும் வளர்ந்து, ஆப்பு அடித்த மாதிரி இரண்டையும் பூட்டிவிடுகிறது. அந்த இடைவெளி தண்ணீரை உள்ளே இழுக்கும், ஒருமுறை உள்ளே போன ஈரம் சீக்கிரம் காயாது. தண்ணீரில் உப்பு கலந்திருந்தால் வேகம் இன்னும் கூடும். கடற்கரைக் காற்றில் இருக்கும் உப்பும் சரி, பனி உருகச் சாலையில் தூவுகிற உப்பும் சரி, அதே வேலையைத்தான் செய்யும். சாலையில் தூவும் கால்சியம் குளோரைடும் மக்னீசியம் குளோரைடும் காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும் குணம் உள்ளவை, அதனால் வெயில் அடித்த பிறகும் அந்த இடம் நனைந்தே கிடக்கும்.

இரண்டாவது, இரண்டு உலோகங்கள் சேரும் இடம். இப்போது நிறைய வண்டிகளில் நக்கிளும் காலிப்பரும் அலுமினியத்தில் வருகின்றன, போல்ட் எஃகுதான். இரண்டும் தொட்டுக்கொண்டு நடுவில் உப்புத் தண்ணீர் இருந்தால் அது ஒரு சின்ன பேட்டரி. அதில் அரிபடுவது அலுமினியம். வெள்ளைப் பொடியாக அலுமினிய ஆக்சைடு மரைக்குள் அடைந்து போல்ட்டைப் பிடித்துக்கொள்ளும். பலம் போட்டுக் கழற்றினால் மரையையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரும், அது பழைய துருவை விடப் பெரிய தலைவலி.

இதோடு சூடு. ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும் அந்தப் பகுதி சூடாகிக் குளிர்கிறது, சாதாரண கிரீஸ் போட்டிருந்தால் எண்ணெய் வழிந்து போய் கிரீஸைக் கெட்டியாக வைத்திருந்த சோப்பு மட்டும் காய்ந்து மிஞ்சும். அப்புறம் மனிதர்கள் செய்கிற வேலை: இம்பாக்ட் கன்னை வைத்து "டர்ர்" என்று அது நிற்கும் வரை முறுக்கிவிடுவது. அளவுக்கு மீறி இழுபட்ட போல்ட்டின் மரை முகங்கள் ஒன்றோடொன்று அழுந்திக் கீறிக்கொள்ளும், துரு அங்கே இன்னும் சுலபமாகப் பிடிக்கும்.

கழற்றும்போது செய்ய வேண்டியது

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, மற்ற சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, ஜாக்கியில் தூக்கிய பிறகு ஸ்டாண்டில் உட்கார வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி, இறுகிய போல்ட்டை உடம்பு எடையைப் போட்டு இழுப்பது உயிரோடு விளையாடுவது. பின் சக்கரத்தில் எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் இருந்தால் முதலில் அதை சர்வீஸ் மோடுக்குக் கொண்டுபோங்கள்.

சாக்கெட் ஆறு முனை உள்ளதாக இருக்கட்டும். பன்னிரண்டு முனை சாக்கெட் மாட்டுவதற்கு வசதி, ஆனால் துருப்பிடித்த தலையின் மூலைகளை வழித்துவிடும். போல்ட் தலையைச் சுற்றியிருக்கும் மண்ணையும் துருவையும் கம்பி பிரஷ்ஷால் தட்டிவிட்டு, சாக்கெட் அடி வரை உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, நீளமான பிரேக்கர் பாரால் சீராக இழுங்கள். டார்க் ரெஞ்சால் கழற்றக்கூடாது, அது அளக்கும் கருவி.

கழன்று வந்த போல்ட்டை உடனே துடைத்துவிடாதீர்கள், முதலில் உற்றுப் பாருங்கள். மரையில் நீலமாகவோ சிவப்பாகவோ காய்ந்த பசை ஒட்டியிருந்தால் கம்பெனியிலேயே திரெட் லாக்கர் போட்டு வந்திருக்கிறது என்று அர்த்தம். வெள்ளைப் பொடி இருந்தால் அலுமினியம் அரிபட ஆரம்பித்துவிட்டது. முனையில் மட்டும் செந்துரு இருந்து நடுவில் பளபளப்பாக இருந்தால், பின்பக்கம் திறந்திருக்கும் துளை வழியாகத் தண்ணீர் ஏறுகிறது. நக்கிளில் பெரும்பாலும் போல்ட்டின் முனை மறுபக்கம் வெளியே எட்டிப் பார்க்கும், துருப்பிடித்த அந்த முனை கழற்றும்போது நல்ல மரை முழுவதையும் உரசிக்கொண்டுதான் வெளியே வரும். இதனால்தான் கழற்றுவதற்கு முன்பே வெளியே தெரியும் முனையைப் பிரஷ் செய்து ஒரு சொட்டு பெனட்ரேட்டிங் ஆயில் (துருவுக்குள் ஊடுருவும் எண்ணெய்) விட்டுவிடுவது நல்லது. இந்த ஒரு நிமிட வேலையைச் செய்கிறவர்கள் குறைவு.

காலிப்பரைக் கழற்றினால் பிரேக் ஹோஸில் தொங்க விடாதீர்கள், ஒரு கம்பியால் ஸ்ப்ரிங்கில் கட்டித் தொங்க விடுங்கள்.

சுத்தம்தான் பாதி வேலை

பழைய துருவின் மேல் எதைப் பூசினாலும் அது துருவை மூடி வைப்பதுதான், அடியில் வளர்வது வளர்ந்துகொண்டே இருக்கும். போல்ட்டின் மரையை நைலான் பிரஷ்ஷாலோ மென்மையான பித்தளைப் பிரஷ்ஷாலோ தேய்த்து, பிரேக் கிளீனர் அடித்து, துணியால் துடையுங்கள். எஃகுக் கம்பி பிரஷ்ஷைக் கிரைண்டரில் மாட்டி போல்ட் வெள்ளியாக மின்னும் வரை தேய்ப்பவர்கள் உண்டு. பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அந்த போல்ட்டைக் காப்பாற்றிக்கொண்டிருந்த துத்தநாகப் பூச்சும் அதோடு போய்விடும். துத்தநாகம் தான் முதலில் அரிபட்டு இரும்பைக் காக்கும். பூச்சு போன போல்ட் அடுத்த மழைக்கே சிவந்துவிடும். பூச்சு ஏற்கெனவே போய் குழி விழுந்திருந்தால் வாதமே வேண்டாம், புது போல்ட் வாங்குங்கள், அதே தர எண் உள்ளதாக. தலையில் 8.8, 10.9 என்று பொறித்திருக்கும். கடையில் கிடைத்த ஏதோ ஒரு போல்ட்டையோ, துருப்பிடிக்காது என்று நம்பி ஸ்டெயின்லெஸ் போல்ட்டையோ பிரேக்கில் போடாதீர்கள். சாதாரண ஸ்டெயின்லெஸ் போல்ட் 10.9 அளவுக்கு வலு உள்ளதல்ல, அலுமினியத்தோடு சேர்ந்தால் அரிப்பை இன்னும் கூட்டும், மரையும் ஒட்டிக்கொள்ளும் குணம் உள்ளது.

துளையின் மரையையும் சுத்தம் செய்ய வேண்டும், இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். குழாய் பிரஷ் போன்ற சின்ன பிரஷ்ஷை உள்ளே விட்டுச் சுழற்றி, பிரேக் கிளீனர் அடித்துக் காய விடுங்கள். மரை கொஞ்சம் மோசமாக இருந்தால் திரெட் சேஸர் (மரையை வெட்டாமல் சுத்தம் மட்டும் செய்யும் கருவி) போடலாம். மரை வெட்டும் டேப்பைப் போடுவது எனக்குப் பிடிக்காது, அது துருவோடு நல்ல உலோகத்தையும் சீவிவிடும், போல்ட் லூஸாகும், லூஸான இடத்தில் இன்னும் அதிகத் தண்ணீர் ஏறும்.

பிரேக் தூசியைக் காற்றடித்துப் பறக்க விட வேண்டாம், ஈரத் துணியாலோ பிரேக் கிளீனராலோ எடுங்கள். பழைய பேட்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு உண்டு.

பெரிய போல்ட்டின் மரையில் எதைப் போடுவது

சண்டை எல்லாம் இங்கேதான். ஒருவர் ஆன்டி-சீஸ் (இறுகாமல் தடுக்கும் பேஸ்ட்) போடு என்பார், இன்னொருவர் போட்டால் போல்ட் கழன்று விழும் என்பார், மூன்றாமவர் எதுவும் போடாதே என்பார். மூவர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். டார்க் ரெஞ்சில் நாம் அளப்பது முறுக்கும் விசையை. நமக்கு உண்மையில் வேண்டியது போல்ட் எவ்வளவு இழுபட்டுப் பிடித்திருக்கிறது என்பது. முறுக்கும் விசையில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு உராய்விலேயே போய்விடும், மிச்சம்தான் போல்ட்டை இழுக்கிறது. உலர்ந்த எம்12 போல்ட்டை 100 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கினால், முறுக்குக் குணகத்தை (உராய்வைக் கணக்கில் எடுத்து முறுக்கை இழுவிசையாக மாற்றும் எண்) வழக்கமான 0.2 என்று வைத்துக்கொண்டால், பிடிமானம் சுமார் 42 கிலோநியூட்டன் வரும். அதே போல்ட்டில் ஆன்டி-சீஸ் தடவினால் குணகம் 0.15 அளவுக்கு இறங்கும், ரெஞ்சில் அதே 100 காட்டும், ஆனால் பிடிமானம் சுமார் 56 கிலோநியூட்டனுக்கு எகிறிவிடும். சாதாரண மரையுள்ள 8.8 தர எம்12 போல்ட் நிரந்தரமாக நீளாமல் தாங்கக்கூடியது 49 கிலோநியூட்டன் அளவுதான். அதாவது துருவுக்குப் பயந்து தடவிய பேஸ்ட், ரெஞ்ச் "க்ளிக்" சொல்லும் முன்பே போல்ட்டை அதன் எல்லைக்கு அப்பால் இழுத்துவிட்டது. கையேட்டில் இருக்கும் எண் எந்த நிலைக்கானது, உலர்ந்த மரைக்கா, பூச்சு போட்டதற்கா என்று பார்க்கச் சொல்வது இதனால்தான்.

இனி நடைமுறை. கையேடு "புது போல்ட் போடு" என்று சொன்னால் புது போல்ட்தான், குறிப்பாக டார்க்குக்கு மேல் இவ்வளவு டிகிரி சுற்று என்று சொல்லும் போல்ட்டுகள் ஒருமுறை நீண்டவை, திரும்பப் போடக்கூடாது. மரையில் பசை பூசியே வரும் போல்ட்டும் அப்படித்தான். அந்தப் பசை ஒரு தடவைக்கு மட்டும்.

கையேடு திரெட் லாக்கர் போடச் சொன்னாலோ, பழைய போல்ட்டில் அதன் அடையாளம் இருந்து திரும்ப அதே போல்ட்டைப் போட அனுமதி இருந்தாலோ, நடுத்தர வலுவுள்ள நீல நிறத் திரெட் லாக்கர் போடுங்கள். துருவுக்கும் இதுதான் நல்ல வழி என்பது என் கருத்து. கழன்று போகாமல் பிடிக்க என்று நினைத்துத்தான் இதைப் போடுகிறோம், ஆனால் காற்றில்லாத இடத்தில் உலோகத்தைத் தொட்டு இறுகும் இந்தத் திரவம் மரையின் இடைவெளி முழுவதையும் அடைத்துவிடுவதால் தண்ணீர் உள்ளே போக வழியே இல்லாமல் போகிறது. நீல வகை கை ஸ்பேனராலேயே கழலும். சிவப்பு வகை வேண்டாம், அதை இளக்க 250 டிகிரி அளவுக்குச் சூடு வைக்க வேண்டியிருக்கும், பக்கத்திலேயே ரப்பரும் பிரேக் ஆயிலும் இருக்கிற இடத்தில் அது தேவையில்லாத வம்பு. பசை பிடிக்க மரையில் எண்ணெய் துளியும் இருக்கக்கூடாது, முழு வலு வர 24 மணி நேரம் வரை ஆகலாம், பூச்சு போட்ட போல்ட்டிலும் அலுமினியத்திலும் இன்னும் மெதுவாகத்தான் பிடிக்கும்.

கையேடு எதையும் சொல்லாமல் வெறும் டார்க் மட்டும் கொடுத்து, நீங்கள் இருப்பதோ உப்புக் காற்று உள்ள இடம் என்றால் ஆன்டி-சீஸைப் பற்றி யோசிக்கலாம், ஆனால் எச்சரிக்கையோடு. மெல்லிய படலம் போதும், மரையின் பள்ளத்தில் சாம்பல் நிறம் தெரிந்தால் சரி. தலையின் அடியில் படக்கூடாது, முறுக்கு விசையில் பெரிய பங்கு அங்கே உராய்வில்தான் போகிறது, அங்கே வழுக்கினால் கணக்கு இன்னும் கெடும். முறுக்கும் எண்ணை எவ்வளவு குறைப்பது என்பதை அந்தப் பேஸ்டின் தயாரிப்பாளர் கொடுக்கும் அளவை வைத்து முடிவு செய்யுங்கள், பொதுவாக 20 முதல் 30 சதவீதம் குறைப்பார்கள். நக்கிள் அலுமினியமாக இருந்தால் செம்புப் பேஸ்ட் வேண்டவே வேண்டாம், செம்பு பக்கத்தில் வந்தால் அலுமினியம் இன்னும் வேகமாக அரிபடும். உலோகம் கலக்காத செராமிக் வகையைப் பாருங்கள். சின்ன ஸ்லைடு பின் போல்ட்டில் ஆன்டி-சீஸ் போடாதீர்கள். 30 நியூட்டன் மீட்டரில் நிற்கும் போல்ட்டுக்குக் கழன்று வருவதுதான் பெரிய ஆபத்து.

டபிள்யூடி-40 போன்ற ஸ்ப்ரேயை அடித்துவிட்டு மாட்டினால் போதும் என்று நினைப்பவர்களுக்கு: அது ஈரத்தை விரட்டும், கொஞ்சம் ஊடுருவும், சில வாரத்தில் அங்கே எதுவும் மிஞ்சியிருக்காது. கழற்ற உதவும், காப்பாற்ற உதவாது.

ஸ்லைடு பின்

உண்மையில் வண்டிக்கு அதிகம் தொல்லை கொடுப்பது இந்தப் பின்தான். போல்ட் இறுகினால் மெக்கானிக்குக் கஷ்டம், பின் இறுகினால் வண்டி ஓட்டுகிறவருக்குக் கஷ்டம். காலிப்பர் நகராமல் நின்றுவிட்டால் பிஸ்டன் பக்கம் இருக்கும் உள் பேட் மட்டும் தேயும், வெளிப் பேட் புதிதாகவே இருக்கும், சில சமயம் பிரேக்கை விட்ட பிறகும் பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே ஓடி, அந்தச் சக்கரம் மட்டும் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். பேட் மாற்றும்போது உள்ளும் வெளியும் தேய்மானம் பெரிதாக வித்தியாசப்பட்டால் பேடைக் குறை சொல்லாமல் பின்னைப் பிடித்து அசைத்துப் பாருங்கள். கையாலேயே வழுக்கிப் போய் வர வேண்டும்.

பின்னை வெளியே எடுத்து, பழைய கிரீஸை முழுவதும் துடைத்து, பின்னின் மேல் குழியோ துருவோ இருக்கிறதா என்று விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் மாட்டினால் புதுப் பின். மணல் தாளால் தேய்த்து மழமழப்பாக்குவது தற்காலிகம்தான், பூச்சு போன இடம் திரும்பத் துருப்பிடிக்கும். துளைக்குள் அடியில் தேங்கியிருக்கும் பழைய கிரீஸையும் எடுக்க வேண்டும். சில காலிப்பர்களில் ஒரு பின்னின் நுனியில் மட்டும் ரப்பர் வளையம் இருக்கும், எது மேலே இருந்தது எது கீழே இருந்தது என்று கழற்றும்போதே குறித்துக்கொள்ளுங்கள், மாற்றிப் போட்டால் அது தானாகவே சிக்க ஆரம்பிக்கும்.

போட வேண்டிய கிரீஸ், பிரேக் பின்னுக்கு என்றே விற்கும் சிலிக்கோன் கிரீஸ் அல்லது அதற்குச் சமமான செயற்கை கிரீஸ். சில வண்டித் தயாரிப்பாளர்கள் கிளைகோல் சேர்ந்த கிரீஸைச் சொல்வார்கள், அப்படிச் சொன்னால் அதுதான். வீல் பேரிங்குக்குப் போடும் கிரீஸ் வேண்டாம். பிரேக் ரப்பர்கள் பெரும்பாலும் இ.பி.டி.எம் வகை, பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிப் பெருத்து மிருதுவாகிவிடும், ஊதிய ரப்பர் பின்னை இறுக்கிப் பிடிக்கும், பூட் (பின்னை மூடும் ரப்பர் உறை) உதட்டிலிருந்து கழன்று தண்ணீரை உள்ளே விடும். செம்புப் பேஸ்டும் இங்கே ஆகாது. அதில் உள்ள எண்ணெய் ரப்பருக்குக் கெடுதல், காய்ந்த பிறகு மிஞ்சும் உலோகத் தூள் பின்னை உரசும்.

அளவும் முக்கியம். துளை ஒரு முனை மூடியது. கிரீஸை அள்ளித் திணித்தால் பின் உள்ளே போகும்போது காற்றும் கிரீஸும் வெளியேற வழியில்லாமல் பின்னைத் திருப்பித் தள்ளும். பின்னின் மேல் எல்லாப் பக்கமும் மெல்லிய படலம், பூட்டின் உதட்டுக்குள் ஒரு வளையம், அவ்வளவுதான். மாட்டிய பிறகு பின்னை முழுவதும் உள்ளே தள்ளி, பூட்டின் ஓரத்தை லேசாகத் தூக்கி உள்ளே இருக்கும் காற்றை வெளியே விட்டு, திரும்ப உட்கார வையுங்கள். பூட்டில் ஒரு சின்னக் கிழிசல் இருந்தாலும் மாற்றிவிடுங்கள். எவ்வளவு உயர்ந்த கிரீஸ் போட்டாலும் அந்தக் கிழிசல் வழியாகப் போகிற தண்ணீரிடம் தோற்றுவிடும்.

பேட்டின் காது உட்காரும் கிளிப்பையும் கழற்றி அடியில் பாருங்கள். அங்கே பிராக்கெட்டில் துரு வளர்ந்து கிளிப்பைத் தூக்கியிருக்கும், பேட் இறுகும். அரத்தால் துருவை மட்டும் எடுத்து, புது கிளிப் போட்டு, காது படும் இடத்தில் செராமிக் பிரேக் லூப்ரிகன்ட்டைத் தொட்டு வைத்தால் போதும். பேட்டின் உராய்வு முகத்திலோ டிஸ்க்கிலோ பட்டால் பிரேக் கிளீனரால் துடைத்துவிடுங்கள்.

முறுக்குவது, வெளியே பூசுவது

போல்ட்டைக் கையால் ஏழெட்டு மரை ஏற்றுங்கள். கையில் ஏறவில்லை என்றால் சாய்வாகப் பிடித்திருக்கிறது அல்லது மரை அழுக்காக இருக்கிறது, ரெஞ்சால் சமாளிக்கப் பார்க்காதீர்கள். டார்க் ரெஞ்சால் சொன்ன எண்ணுக்கு முறுக்கி, தலையிலிருந்து பிராக்கெட் வரை பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். அடுத்த முறை சக்கரத்தைக் கழற்றும்போது கோடு நேராக இருக்கிறதா என்று ஒரு பார்வையிலேயே தெரிந்துவிடும்.

முறுக்கி முடித்த பிறகு, நக்கிளின் மறுபக்கம் எட்டிப் பார்க்கும் போல்ட் முனையிலும் தலையைச் சுற்றியும் மெழுகு அல்லது லனோலின் வகைத் துருத் தடுப்பைப் பிரஷ்ஷால் பூசுங்கள். மரைக்குள் போகாது என்பதால் டார்க் கணக்கைக் கெடுக்காது, தண்ணீர் ஏறும் வாயை மட்டும் மூடும். ஸ்ப்ரே டப்பாவாக இருந்தால் டிஸ்க்கின் பக்கம் அடிக்காதீர்கள், ஒரு சின்னக் கிண்ணத்தில் பீய்ச்சிப் பிரஷ்ஷால் தொட்டுத் தடவுங்கள். இந்தப் பூச்சு ஓராண்டு நின்றாலே நல்லது, சக்கரம் கழற்றும்போதெல்லாம் புதுப்பித்துவிடலாம்.

அப்புறம் இரண்டு சின்ன எதிரிகள். ஒன்று அமிலம் கலந்த வீல் கிளீனர். அலாய் வீலைப் பளபளக்க வைக்கும், போல்ட்டின் துத்தநாகத்தைத் தின்றுவிடும். இன்னொன்று சிந்திய பிரேக் ஆயில். டாட் 3, டாட் 4 வகைகள் பெயின்ட்டைக் கரைக்கும், காலிப்பரின் மேல் வழிந்தால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். உப்பு தூவிய சாலையில் ஓடிய வண்டியென்றால் சக்கரத்தின் உள்பக்கத்தையும் சாதாரணத் தண்ணீரால் அலசிவிட வேண்டும், ஆனால் பிரஷர் வாஷரை பூட்டின் மேல் நேராகப் பிடிக்காமல்.

ஏற்கெனவே இறுகியிருந்தால்

சுருக்கமாக. பெனட்ரேட்டிங் ஆயிலை முந்தைய நாளே விட்டு வையுங்கள், தலையில் சுத்தியலால் நாலு தட்டு தட்டுங்கள், முதலில் கொஞ்சம் முறுக்கும் திசையில் அசைத்துவிட்டுப் பிறகு கழற்றும் திசைக்கு வாருங்கள், அசைந்தால் கால் சுற்று வெளியே, கொஞ்சம் உள்ளே, திரும்ப வெளியே என்று ஆயில் விட்டபடியே எடுங்கள். இதற்கும் மசியவில்லை என்றால் சூடுதான், இன்டக்ஷன் ஹீட்டர் இருந்தால் நல்லது, நெருப்பு ஜுவாலை பரவும் இடத்தில் ஹோஸும் பூட்டும் இருக்கின்றன. பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் சூடோ வெல்டிங்கோ வைக்கவே கூடாது. குளோரின் கலந்த வகை சூட்டில் ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக மாறும், குளோரின் இல்லாத வகை சட்டென்று தீப்பிடிக்கும். சூடு வைத்து எடுத்த போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள், அதன் வலு போயிருக்கும்.

பைக்கில் இதே கதைதான், இன்னும் சின்ன அளவில். அங்கே முதலில் இறுகுவது பேட் பின், அதன் வாயை மூடும் சின்ன ஸ்க்ரூ மூடியைத் தொலைத்துவிட்டால் ஆலன் குழியில் மண் அடைந்து வழிந்துவிடும். மூடியைத் தேடி வாங்கிப் போடுங்கள்.

பிரேக் ஆயிலில் சிக்கிய காற்றை வெளியே விடும் ப்ளீடர் நிப்பிளையும் மறக்க வேண்டாம். உள்ளே ஓட்டையுள்ள மெல்லிய ஸ்க்ரூ அது, இறுகினால் தொட்டாலே முறியும். வாயில் ரப்பர் தொப்பி எப்போதும் இருக்க வேண்டும், இரண்டாண்டுக்கு ஒருமுறை பிரேக் ஆயில் மாற்றும் சாக்கில் அது திறந்து மூடப்பட்டுக்கொண்டே இருந்தால் இறுக நேரமே கிடைக்காது. அதன் மரையில் பேஸ்ட் பூசினால் ஓட்டை வழியாக ஆயிலில் கலக்கும், அதனால் அங்கே எதுவும் வேண்டாம்.

எல்லாம் மாட்டி முடித்ததும் வண்டியை நகர்த்தும் முன் பிரேக் பெடலை நாலைந்து முறை மிதித்து, கல் மாதிரி நிற்கிறதா என்று பாருங்கள். பின்னுக்குத் தள்ளிய பிஸ்டன் பேடைத் தொடும் வரை முதல் மிதியில் பிரேக் இருக்காது.